“யாரைப் பார்க்கணும்?”

செமஸ்டர் முடிஞ்சு, ரிசல்ட் வர்றதுக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுட்டு இருப்பீங்க. அரியர் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் சென்னையைச் சுத்தப் போறோம். பீச், மால், தியேட்டர்னு வழக்கமான ரவுண்டு இல்லை. இது வேற ரவுண்டு. பெரிசா செலவு கிடையாது. காலுக்கு நல்ல செருப்பு, ஒரு தண்ணி பாட்டில், அரை நாள் நேரம் இருந்தா போதும்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு கடிதம் வந்தது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துல இருந்து சென்னைக்கு வந்து பி.காம். ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. மொத்தமே நாலு வரி. “அண்ணா, தினமும் ஒரு ஆர்ட் கேலரியைத் தாண்டித்தான் காலேஜ் போறேன். உள்ளே போய்ப் பார்க்க ஆசை. டிக்கெட் எவ்வளவு இருக்கும்? படம் எதுவும் வாங்காம வெளியே வந்தா திட்டுவாங்களா?”

நீங்க சிரிச்சிருக்கலாம். நான் சிரிக்கலை. ஏன்னா அதே கேள்வியோட நானும் ஒரு வாசல்ல நின்னிருக்கேன்.

நானும் அப்போ ரெண்டாவது வருஷம்தான். ஐப்பசி மழை. கால்ல ஹவாய் செருப்பு, பேன்ட் பின்பக்கம் முட்டி வரைக்கும் சேறு. மழைக்கு ஒதுங்கின இடம் ஒரு கேலரி வாசல். கண்ணாடிக் கதவு வழியா உள்ளே பெரிய நீலப் படம் ஒண்ணு தெரிஞ்சது. கடலா, வானமா, வெறும் பெயின்ட்டான்னு புரியலை. கிட்டப் போய்ப் பார்க்கலாம்னு கதவுல கை வெச்சேன். ஸ்டூல்ல உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: “யாரைப் பார்க்கணும்?”

அவர் மிரட்டலை. குரலைக்கூட உசத்தலை. எல்லார்கிட்டயும் கேட்கிற கேள்விதான். ஆனா எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. “யாரையும் இல்லைங்க”ன்னு சொல்லிட்டு மழையிலேயே நடந்து வந்துட்டேன். அடுத்து ஒரு கேலரிக்குள்ள நுழைய எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அந்த நீலப் படத்தை யார் வரைஞ்சாங்க, அது என்னன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதனால தங்கச்சி, முதல்ல உங்களுக்குப் பதில். தனியார் கேலரிகள்ல சாதாரணமா டிக்கெட் கிடையாது. வாங்கலைன்னா யாரும் திட்ட மாட்டாங்க. வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வாங்காமப் போறவங்கதான். ஆனா இந்தப் பதில் மட்டும் போதாதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக் கதவு முன்னாடி வர்ற கூச்சம் தகவல் தெரிஞ்சதால போயிடாது. கொஞ்சம் கொஞ்சமாப் பழகணும். அதுக்காக நாலு சனிக்கிழமைக்கு ஒரு டைம்டேபிள் போட்டிருக்கேன். மத்தவங்களும் சேர்ந்து வாங்க.

முதல் சனி: கதவே இல்லாத கேலரி

பறக்கும் ரயில்ல ஏறி சேப்பாக்கத்துல இறங்குங்க. கடலைப் பார்த்து நடந்தா, வாலாஜா சாலை போய் காமராஜர் சாலையைத் தொடுற இடத்துல நாலு பேர் ஒரு பாறையோட மல்லுக்கட்டிட்டு இருப்பாங்க. ஆமா, உழைப்பாளர் சிலைதான். “இது தெரியாதா பாஸ்?”னு கேட்பீங்க. பஸ் ஜன்னல் வழியா ஆயிரம் தடவை பார்த்திருப்பீங்க. ஒரு தடவையாவது இறங்கி, சுத்தி வந்து பார்த்திருக்கீங்களா?

இன்னிக்குப் பாருங்க. போனைப் பைக்குள்ள போட்டுட்டு, பத்து நிமிஷம். யார் தள்ளறாங்க, யார் நெம்பறாங்க, யாரோட முழு எடையும் எந்தக் கால்ல இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க. பின்னாடி போய் முதுகுகளைப் பாருங்க. மூட்டை தூக்கறவரோட முதுகு, வலை இழுக்கறவரோட முதுகு... நம்ம ஊர்ல தினம் பார்க்கிற முதுகுகள்தான். சும்மா நிக்கிற தலைவர் சிலைகளுக்கு நடுவுல வேலை செஞ்சுட்டு இருக்கிற சிலை இது.

செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர். 1929-ல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அவருக்கு முன்னாடி எல்லாம் வெள்ளைக்காரங்க. குஸ்தி போடுவார், புல்லாங்குழல் வாசிப்பார், வேட்டைக்கும் போவார்னு அவரைப் பத்திச் சொல்வாங்க. குஸ்தி தெரிஞ்ச ஆள் செஞ்ச சிலைன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தசைகளை மறுபடி பார்த்தீங்கன்னா விஷயம் புரியும். சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில். மெரினாவில் இருக்கிற காந்தி சிலையும் அவர் கைவண்ணம்தான். பாட்னாவில், 1942-ல் தலைமைச் செயலகத்துல தேசியக் கொடி ஏத்தப் போய்த் துப்பாக்கிச் சூட்டுல இறந்த ஏழு மாணவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. அதுவும் இவரோடதுதான். ஏழு பேரும் சின்ன வயசுப் பசங்க.

இன்னொரு தகவல். இந்தியாவிலேயே முதல் மே தினம் கொண்டாடப்பட்டது நம்ம சென்னையிலதான். 1923-ல் சிங்காரவேலர் நடத்தினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரை, திருவல்லிக்கேணிக் கடற்கரைன்னு ரெண்டு இடத்துல கூட்டம். அந்த மணலுக்குப் பக்கத்துலதான் இந்த நாலு பேரும் நிக்கறாங்க.

அங்கிருந்து கடலை இடது கைப் பக்கமா வெச்சுக்கிட்டு தெற்கே நடங்க. வழியெல்லாம் புலவர்களும் அறிஞர்களுமா நிப்பாங்க. 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெச்ச பத்துச் சிலைகள் இந்தச் சாலையில இருக்கு. வள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோ, பாரதியார், பாரதிதாசன், கூடவே கடல் தாண்டி வந்து தமிழ் கத்துக்கிட்ட வீரமாமுனிவர், போப், கால்டுவெல். அப்புறம், கையில் சிலம்போட நியாயம் கேட்கிற கண்ணகி.

இந்தக் கண்ணகி சிலைக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2001 டிசம்பர்ல, லாரி மோதிச் சேதமாயிடுச்சுன்னு சொல்லி சிலையை எடுத்துட்டாங்க. எழும்பூர் மியூசியத்துல கொண்டுபோய் வெச்சாங்க. அதுக்கப்புறம் ஊரே ரெண்டுபட்டது. அறிக்கை, போராட்டம், டீக்கடை விவாதம்னு வருஷக்கணக்கா ஓடுச்சு. 2006 ஜூன் 3-ஆம் தேதி கண்ணகி மறுபடி கடற்கரைக்கு வந்தாங்க. யார் பக்கம் நியாயம்ங்கிற விவாதத்துக்குள்ள நான் போகலை. ஒண்ணே ஒண்ணு கவனிங்க. அந்தச் சிலை அங்கே நின்ன முப்பத்து மூணு வருஷமும் எத்தனை பேர் நின்னு பார்த்திருப்பாங்க? இடம் காலியானதும்தான் எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சது. பொது இடத்துல இருக்கிற கலை நம்ம வீட்டு வாசற்படி மாதிரி. இருக்கிற வரைக்கும் மிதிச்சுட்டுப் போவோம். பேர்த்து எடுத்தா தடுக்கி விழுவோம். (கண்ணகியை ஞாபகம் வெச்சுக்குங்க. நாலாவது சனிக்கிழமை மறுபடி வருவாங்க.)

ரெண்டாவது சனி: பட்டு இல்லாத சாமி

இந்த வாரம் கூரைக்குக் கீழே போறோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை லீவு, அதனாலதான் சனிக்கிழமை சொன்னேன். டிக்கெட் உண்டு. ஸ்கூல்ல இருக்கும்போது வரிசையா கூட்டிட்டுப் போய், திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டி, புளியோதரை கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பாங்க. அதோட சரி.

இந்தத் தடவை நேரா வெண்கலச் சிலைகள் பகுதிக்குப் போங்க. எல்லாத்தையும் பார்க்காதீங்க. எல்லாத்தையும் பார்க்க நினைச்சா எதுவுமே மனசுல நிக்காது. கல்யாண வீட்டு ஆல்பம் மாதிரி ஆயிடும். ரெண்டே ரெண்டு போதும். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர். ரெண்டுமே சோழர் காலம்.

கோயில்ல உற்சவர் புறப்பாடு பார்த்திருப்பீங்க. பட்டு, பூ, நகை, குடை, தீவட்டி... நடுவுல சாமி முகம் மட்டும் கொஞ்சம் தெரியும். இங்கே அந்த அலங்காரம் எதுவும் கிடையாது. சிற்பி கையை விட்டு இறக்கின மாதிரியே நிக்குது. அர்த்தநாரீஸ்வரர்ல ஆண் பாதிக்கும் பெண் பாதிக்கும் நடுவுல கோடு எங்கேன்னு தேடிப் பாருங்க. இடுப்பு ஒரு பக்கம் வளையுது, தோள் அதுக்குப் பதில் சொல்லுது. ரெண்டு பாதியும் ஒட்டின இடமே தெரியாது. கும்பிடத் தோணினா கும்பிடுங்க, தப்பில்லை. கும்பிட்டு முடிச்சதும் கண்ணைத் திறந்து இன்னும் அஞ்சு நிமிஷம் பாருங்க.

வெளியே வந்து பெரியமேடு பக்கம் நடந்தா, ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர்ங்கிற டாக்டர் ஆரம்பிச்சது. ஆமா, நிஜ டாக்டர், அறுவை சிகிச்சை செய்யறவர்! நாட்டிலேயே பழமையான ஓவியப் பள்ளிகள்ல ஒண்ணு. ராய் சௌத்ரி தலைமை தாங்கினது இங்கேதான். பத்திரிகைகள்ல கதைக்கும் கவிதைக்கும் கோட்டோவியம் போட்டு நமக்கெல்லாம் அறிமுகமான ஆதிமூலம், ட்ராட்ஸ்கி மருது எல்லாரும் இங்கே படிச்சவங்க. மாணவர் கண்காட்சி நடக்கிற நேரமாப் பார்த்து உள்ளே போங்க. படம் வரைஞ்ச ஆளே பக்கத்துல நின்னுட்டு, “எப்படி இருக்கு ப்ரோ?”னு கேட்பார். அவருக்கும் உங்க வயசுதான். அவருக்கும் அரியர் இருக்கலாம்.

மூணாவது சனி: இப்ப கதவைத் தள்ளுங்க

இப்ப தைரியம் வந்திருக்கும். ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியோட மண்டல மையம் இருக்கு. அகாடமி மத்திய அரசோடது, 1954-ல் தொடங்கினது. அதோட முதல் தலைவர் யார் தெரியுமா? நம்ம உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரிதான். இங்கே கண்காட்சிக் கூடமும் இருக்கு, கலைஞர்கள் வேலை செய்யிற ஸ்டூடியோக்களும் இருக்கு. ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் சென்னையில இல்லைன்னு நான் சொல்வேன். நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கம் தனியார் கேலரிகளும் உண்டு. நிறைய இடங்கள் ஞாயிறு லீவு. புதுக் கண்காட்சிக்காகச் சுவரை மாத்திட்டு இருந்தாலும் மூடியிருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க.

உள்ளே போனதும் என்ன செய்யறது? சின்ன கைடு:

முதல் ரவுண்டு, எதையும் படிக்காம வேகமா ஒரு சுத்து. ரெண்டாவது ரவுண்டு, உங்களை நிறுத்தின படத்துக்கிட்ட மட்டும் போங்க. முதல்ல பத்தடி தள்ளி நின்னு பாருங்க. அப்புறம் கிட்டப் போய் பிரஷ் போன தடத்தைப் பாருங்க. தொடாதீங்க. விரல்ல இருக்கிற எண்ணெயும் வேர்வையும் படத்துக்கு ஆகாது.

படத்துக்குப் பக்கத்துல சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தா, அது வித்துப்போச்சுன்னு அர்த்தம். விலை தெரியணும்னா மேஜையில இருக்கிற விலைப்பட்டியலைக் கேளுங்க. கேட்டா வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. ஜவுளிக்கடையில நாம கேட்காத விலையா?

“புரியலை”ன்னு சொல்ல வெட்கப்படாதீங்க. “இதுல என்னைப் பாதிச்சது இந்தச் சிவப்பு, ஏன்னு தெரியலை” அப்படின்னு பேச்சை ஆரம்பிங்க. ஓவியர் அங்கே இருந்தா ஆளைப் பிடிச்சு உட்கார வெச்சுப் பேசுவார். அவங்களுக்கும் தனியா உட்கார்ந்து ஈ ஓட்டுற நாள்கள் நிறைய உண்டு. கிளம்பும்போது வருகைப் பதிவேட்டுல ரெண்டு வரி எழுதுங்க. “சூப்பர், வாழ்த்துகள்” வேணாம். எந்தப் படம் பிடிச்சதுன்னு எழுதுங்க.

மத்தியானம் ஈ.சி.ஆர். பஸ் பிடிச்சு ஈஞ்சம்பாக்கம். சோழமண்டல் ஓவியர் கிராமம். “ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சா சோறு கிடைக்குமா?”னு வீட்டுல கேட்கிற ஒவ்வொருத்தரையும் இங்கே ஒரு தடவை கூட்டிட்டு வரணும்.

1960-கள்ல கவின் கலைக் கல்லூரி முதல்வரா இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். பசங்க நல்லா வரையறாங்க, படிச்சு முடிக்கறாங்க, அப்புறம்? படம் வாங்க ஆள் இல்லை. வேற வேலைக்குப் போனா வரைய நேரம் இல்லை. பணிக்கரும் அவரோட இருந்த கலைஞர்களும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பாத்திக்! துணியில மெழுகால கோலம் போட்டு, சாயத்துல முக்கி எடுத்தா, மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. மெழுகை எடுத்தா டிசைன். இப்படி கைவினைப் பொருள் செஞ்சு வித்து வயித்தைப் பார்த்துக்கிறது, மிச்ச நேரத்துல யாருக்கும் பயப்படாம தன் இஷ்டத்துக்கு வரையறது. அப்படிச் சேர்த்த காசுல 1966-ல் கடலோரமா சுமார் பத்து ஏக்கர் மணல்காட்டை வாங்கினாங்க. வீடும் பட்டறையுமா கட்டிக்கிட்டு அங்கேயே குடியேறினாங்க. இவங்களைச் சுத்தி வளர்ந்ததைத்தான் ‘மெட்ராஸ் இயக்கம்’னு கலை வரலாற்றுல சொல்றாங்க. அதுக்குன்னே 2009-ல் இங்கே ஒரு அருங்காட்சியகமும் திறந்தாங்க. வெளியே மரத்தடியில சிற்பத் தோட்டம்.

பி.காம். தங்கச்சிக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். பணிக்கரோட புகழ்பெற்ற ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்கள்ல எழுத்து, எண், கட்டம், ஜாதகம் மாதிரி கிறுக்கல்கள் நிறைஞ்சிருக்கும். ஒரு காமர்ஸ் மாணவரோட நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததுதான் அதுக்குப் பொறின்னு சொல்வாங்க. உங்க அக்கவுன்ட்ஸ் நோட்டை அப்படிச் சாதாரணமா நினைக்காதீங்க!

நாலாவது சனி: கண்ணகி நகர்

பறக்கும் ரயில் மறுபடி. இந்திரா நகர் ஸ்டேஷன்ல இறங்கி வெளியே வந்து திரும்பிப் பாருங்க. 2021-ல் ஸ்டேஷனோட வெளிச் சுவர்ல பெரிய பெரிய முகங்களா வரைஞ்சாங்க. நம்ம ஊர் ஓவியர் ஏ-கில் முன்னால நின்னு செஞ்ச வேலை. எச்.ஐ.வி. விழிப்பு உணர்வுக்காகப் போட்டது. முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் செய்தி.

சென்னைச் சுவருக்குப் பெயின்ட் புதுசு இல்லை. ஒரு காலத்துல அண்ணா சாலையில ஆளுயரம் இல்லை, மாடி உயரத்துக்கு நடிகர்களோட கட்அவுட் நிக்கும். அத்தனையும் கையால வரைஞ்சது. கயித்துல தொங்கிட்டு, கட்டம் போட்டு, கண்ணு மட்டுமே நாலடிக்கு வரைஞ்ச பேனர் ஓவியர்கள் இருந்தாங்க. கம்ப்யூட்டர்ல அடிக்கிற ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துடுச்சு. 2009-10 வாக்குல மாநகராட்சி முக்கியமான சாலைச் சுவர்கள்ல போஸ்டர் ஒட்டத் தடை போட்டு, அங்கே தமிழர் கலை, கோயில், நடனம்னு ஓவியம் வரைய வெச்சது. அதுக்கு வந்தவங்கள்ல இந்த பேனர் கலைஞர்களும் உண்டு. ரஜினிக்குக் கண்ணு வரைஞ்ச கை, காளை மாட்டுக்குக் கண்ணு வரைஞ்சது.

இந்திரா நகர்ல இருந்து ஓ.எம்.ஆர். வழியா துரைப்பாக்கம் போனா, கண்ணகி நகர். கூவம், அடையாறு கரையோரமும் நகரத்துக்குள்ள மத்த இடங்கள்லயும் இருந்த குடிசைகளை எடுத்து, அந்த மக்களை 2000-ஆம் ஆண்டு வாக்குல இருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினாங்க. பதினைஞ்சாயிரத்துக்கும் மேல வீடுகள். வேலை செஞ்ச இடமும் பசங்க படிச்ச ஸ்கூலும் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. அதைவிடக் கொடுமை, பேர் கெட்டது. “கண்ணகி நகர்னு அட்ரஸ் போட்டா வேலைக்குக் கூப்பிட மாட்டேங்கறாங்க”ங்கிறது அங்கே இருக்கிற இளைஞர்கள் வருஷக்கணக்கா சொல்ற குறை.

2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் அரசுத் துறைகளோட சேர்ந்து இங்கே வந்தாங்க. உள்நாடு, வெளிநாடுன்னு பல ஓவியர்கள் குடியிருப்புச் சுவர்கள்ல மாடி உயரத்துக்கு வரைஞ்சாங்க. அங்கேயே வாழற பிள்ளைகளோட முகங்களும் சுவர்ல ஏறிச்சு. சென்னையோட முதல் ‘கலை மாவட்டம்’னு பேர் வந்தது.

நான் போனப்ப நடந்ததைச் சொல்றேன். ஒரு சுவருக்கு முன்னாடி நின்னு போனைத் தூக்கினேன். ரெண்டாவது மாடியில துணி காயப் போட்டிருந்த அக்கா ஒருத்தங்க எட்டிப் பார்த்தாங்க. “தம்பி, இரு இரு, துணியெல்லாம் எடுத்துடறேன். படம் மறைக்குதில்ல”ன்னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பாதித் துணியை உருவிட்டாங்க. ஈரத் துணி. இன்னும் காயலை.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. “அக்கா, வேணாம், அப்படியே இருக்கட்டும்”னேன். “எல்லாரும் எடுக்கச் சொல்லுவாங்கப்பா”ன்னு சொல்லிட்டு மறுபடி விரிச்சாங்க. அப்புறம் கீழே வந்து அஞ்சு நிமிஷம் பேசினாங்க. முன்னாடி ஆத்தங்கரையில வீடு. இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. “முன்னாடியெல்லாம் ஆட்டோவே உள்ளே வராது. இப்ப படம் பார்க்க கார்ல வர்றாங்க. வரட்டும், நல்லதுதானே. ஆனா யாரும் எங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. சுவத்தைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க”ன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. கேலரியில நம்மளைப் பார்த்து “யாரைப் பார்க்கணும்?”னு கேட்டப்ப நமக்குக் கூச்சமா இருந்தது. கண்ணகி நகர்ல அந்தக் கேள்வியைக் கேட்க வாட்ச்மேன் யாரும் இல்லை. அதனால நாம யாரையும் பார்க்காமலே வந்துடறோம். அது ஒருத்தங்க வீட்டுச் சுவர். கேலரியில படத்தைத் தொடாம இருக்கிறது எப்படி மரியாதையோ, அப்படி இங்கே ஒரு மரியாதை இருக்கு. “எடுத்துக்கலாமா?”னு கேளுங்க. பிள்ளைங்க ஃபிரேமுக்குள்ள வந்தா அவங்க அம்மா, அப்பாகிட்ட கேட்டுட்டு எடுங்க. அங்கேயே இருக்கிற கடையில டீ குடிங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க.

சுவர்ல பெயின்ட் அடிச்சா ஒரு ஊரோட தலையெழுத்து மாறிடுமா? மாறாது. அக்கம்பக்கத்துல பஸ்ஸும் தண்ணியும் நல்ல ஸ்கூலும் வேலையும் வேணும். அதை ஓவியர்கிட்ட கேட்க முடியாது. ஆனா, பேரைக் கேட்டாலே ஒதுங்கினவங்க ஒரு தடவை உள்ளே வந்தாங்க, வந்து நிமிர்ந்து பார்த்தாங்க. அது சின்ன விஷயம் இல்லை. மிச்சத்தை அந்த ஊர்ப் பிள்ளைகளே பார்த்துக்கிட்டாங்க. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் ஜெயிச்சது. அந்த அணியோட துணை கேப்டன் கார்த்திகா, கண்ணகி நகர்ப் பொண்ணு. “கண்ணகி நகர் கார்த்திகா”ன்னே தமிழ்நாடு முழுக்கச் சொன்னாங்க. மறைச்சு வைக்க வேண்டிய அட்ரஸா இருந்தது, பேருக்கு முன்னாடி பட்டமா வந்து நின்னுது.

அந்தத் துணியோட சேர்த்து எடுத்த போட்டோ என் போன்ல இருக்கு. ஒரு நைட்டி, ரெண்டு ஸ்கூல் சட்டை, பின்னாடி சுவர் முழுக்கச் சிரிக்கிற ஒரு முகம். நான் எடுத்ததுல நல்ல படம் அதுதான்.

சரி மக்களே, ஹோம்வொர்க். நாலு சனிக்கிழமையும் முடியலைன்னா பரவாயில்லை, முதல் சனிக்கிழமை மட்டுமாவது போங்க. சென்னையில இல்லாதவங்க உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு சிலையில ஆரம்பிங்க. யார் செஞ்சது, எந்த வருஷம், ஏன் அந்த இடத்துலன்னு மூணு கேள்வி. கண்டுபிடிச்சு ஒரு பக்கத்துக்குள்ள எழுதி அனுப்புங்க. நல்லா இருக்கிறதை இங்கேயே போடலாம்.

தங்கச்சி, உங்களுக்குக் கடைசியா ஒண்ணு. திங்கட்கிழமை காலேஜ் விட்டு வரும்போது அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுங்க. எந்தச் செருப்பு போட்டிருந்தாலும் சரி. வாட்ச்மேன் அண்ணன் “யாரைப் பார்க்கணும்?”னு கேட்டா, எனக்கு அன்னிக்குத் தெரியாமப் போன பதிலை நீங்க சொல்லுங்க. “படம் பார்க்க வந்தேண்ணே.”

அவ்வளவுதான். கதவைத் திறந்து விடுவார். உள்ளே பெரிய நீலப் படம் ஏதாவது இருந்தா, யார் வரைஞ்சதுன்னு கேட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!